ஏழாம் எண்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. கடைவாய்ப் பல் வலி. கிராம்பை அதக்கிக்கொண்டு காப்பக இல்லத்துக்குக் கிளம்பினால் நைனார்பாளையம் சாலையில் வண்டி பஞ்சர். ஒட்டுகிறவர், 'டீச்சருங்களா?' என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மனநலம் சரியில்லை என்று சேர்க்கப்பட்ட பெண்கள் காப்பகத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறேன் என்பதை நடுரோட்டில் யார் விளக்குவது.

இன்று பேசியது சின்னப்பொண்ணுவிடம். என் பட்டியலில் ஏழாவது. முப்பத்தைந்து வயது இருக்கும். இல்லத்தில் முப்பத்தொரு பேர், அதில் கல்வராயன் மலைக்காரி இவள் ஒருத்திதான். பதிவேட்டில் எழுதியிருப்பது: பேருந்து நிலையத்தில் மீட்கப்பட்டவர், மனநிலை சரியில்லை, முகவரி இல்லை. வந்து நான்கு வருடம்.

முகவரி இல்லையாம். நான் கேட்டதும் ஊர், அக்கா பெயர், எந்த பஸ், இறங்கி எந்தப் பக்கம் நடக்கவேண்டும், எல்லாம் சொன்னாள். கர்நாடகாவில் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவள். திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டு பிதற்றியிருக்கிறாள். கூட்டிப்போன மேஸ்திரி கள்ளக்குறிச்சியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். காய்ச்சல் பத்து நாளில் விட்டது. இல்லம் விடவில்லை.

ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். பேர் வெளியே வராது, எண் மட்டும்தான் என்றேன்.

'ஏன் வராது? வந்தா இன்னா? எங்க ஊர்க்காரங்க பார்ப்பாங்க இல்ல.'

அது விதி என்றேன். கைநாட்டு வைத்தாள்.

எதிர்த்துப் பேசினால் மூட்டை அடுக்கும் அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். உள்ளேயிருந்து சாப்பாட்டுத் தட்டால் கதவில் தட்டுவாளாம். அவள் சொன்னது அப்படியே: 'மலையில பன்னி வந்தா பரண்ல குந்திக்கினு தகரம் தட்டுவோம். ஊரே ஓடியாரும். இங்க நான் தட்டிக்கினே கெடக்கறேன், ஒருத்தரும் வர்ல.'

வீட்டுக்கு வரும்வரை பல் ஞாபகமே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

நல்ல வெயில். ஊறவைத்த துணி நாற ஆரம்பித்துவிட்டது. துவைக்கவில்லை.

இடைக்கால அறிக்கையை முடித்தேன். பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. எண் 3 எல்லாக் கேள்விக்கும் 'சாப்டாச்சி' என்று மட்டுமே பதில் சொன்னவள். அதையும் எழுதினேன். தகரம் தட்டும் வரியை எடுக்க மனம் வரவில்லை. அத்தியாயத்தின் தலைப்பிலேயே போட்டேன். கீழே 'பங்கேற்பாளர் 7'.

அனுப்பியதைப் படித்துவிட்டு, திட்டத்தை நடத்தும் பேராசிரியர் போன். 'அந்த ஒரு வரி போதும்மா. முழு அறிக்கையும் அதுக்குள்ள இருக்கு.' சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன். இரண்டு தடவை எடுத்து வாசித்துக்கொண்டேன்.

செய்யவேண்டியவை: பல் டாக்டர். காஸ் புக்கிங். அம்மாவுக்கு போன். சி.பொ. அக்கா?

கடைசியது என் வேலை இல்லை. கேட்கலாம், எழுதலாம், தலையிடக் கூடாது. வகுப்பில் நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

தலையிட்டாயிற்று.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ். முன்சீட்டில் இருவர் கரும்புப் பேச்சு. 'இந்த வாட்டி வெட்டாளு கெடைக்கறதே கம்மி.' ஏற ஏறக் காது அடைத்தது. மேலே தூறல், குளிர். இறங்கி ஒரு மணி நேர நடை, செருப்பு வார் அறுந்து பாதி வழி வெறுங்காலோடு. அக்கா அலமேலு மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். தங்கை பெயரைச் சொன்னேன். களைக்கொத்தைக் கீழே போடவில்லை. இன்னும் இரண்டு செடிக்குக் களை எடுத்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

'செத்துப் போச்சின்னு மேஸ்திரி சொன்னானே. காரியமே பண்ணிட்டமே.'

திங்களன்று எடுத்த பேட்டியின் குரல் பதிவை ஒரு நிமிடம் கேட்கவைத்தேன். அதுவும் விதிமீறல்தான். 'அவதான்' என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

இல்லத்திலிருந்து கூட்டிப்போக ரத்த உறவு என்று காட்டவேண்டும். ரேஷன் கார்டில் தங்கை பெயரை எப்போதோ அடித்துவிட்டார்கள். வி.ஏ.ஓ. சான்று வாங்கவேண்டும், நடுவில் லீவு நாட்கள் வேறு. வாங்கிக்கொண்டு 18ஆம் தேதி திங்கள்கிழமை இறங்கிவிடுகிறேன் என்றாள். சாமைச் சோறு போட்டாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குழாயடியில் வைத்து சி.பொ.விடம் சொன்னேன். அக்கா வருகிறாள், அடுத்த திங்கள்.

'எந்த பஸ்ல?'

முதல் பஸ்ஸில் என்றேன். விரலை மடக்கி நாள் எண்ணினாள். யாரிடமும் சொல்லாதே என்றதற்குத் தலையாட்டினாள். மதியத்துக்குள் சமையல் செய்யும் ராணி அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. 'ஊருக்குப் போவுதாமே?' என்று என்னையே கேட்டார்.

இல்லத்தின் மேலாளர் மேடம் காபி கொடுத்தார். சாமந்திக்கு என்ன உரம் போடுகிறார் என்று அரைமணி நேரம் சொன்னார்.

ஆகஸ்ட் 13, புதன்

பல் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்தபடி மெயில் பார்த்தேன். பேராசிரியர் நேற்றே அறிக்கையை இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

அனுமதி கொடுத்தபோது அவர்கள் போட்ட மூன்றாவது நிபந்தனை: வரைவை எங்களுக்கு முதலில் காட்டவேண்டும். ஒப்புக்கொள்கிறோம் என்று பதில் கடிதம் டைப் செய்தது யார்? நான்தான். சுத்தமாக மறந்துபோயிருக்கிறேன்.

பெயர் இல்லையே, ஊர் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்றி இருக்கிறதே. பரண் இருக்கிறதே. முப்பத்தொரு பேரில் மலைக்காரி ஒருத்தி. அவள் தட்டுகிற சத்தத்தை அந்தக் கட்டிடத்தில் கேட்காதவர் கிடையாது. அவள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் பெயரை மறைத்துவிட்டு, பூட்டுகிறவர்களுக்கு ஆளைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். எதற்காக? வரி நன்றாக இருந்தது என்பதற்காக. முட்டாள்.

மேலாளர் போனை எடுக்கவில்லை. பேராசிரியர் எடுத்தார். 'பேருதான் இல்லியேம்மா, பயப்படாத.'

கன்னம் வீங்கிவிட்டது. நாளை காலை முதல் வேலையாகப் போய்ப் பார்க்கவேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காய்ச்சல். போகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

போனேன். விடுமுறை நாளில் பார்வையாளர் அனுமதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அலமேலு சொன்னபடி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். சான்று பிளாஸ்டிக் உறைக்குள். தங்கைக்குப் புதுச் சேலை. ஜாக்கெட் அளவு தெரியாமல் தன் அளவிலேயே தைத்திருந்தாள். 'எளச்சிருப்பாளா?' என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். அலமேலுவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஆகஸ்ட் 14. 'சொந்த விருப்பத்தின் பேரில் வேறு இல்லத்துக்கு மாற்றம்.' கீழே கைநாட்டு.

எந்த இல்லம் என்று கேட்டேன்.

'அது சொல்லக் கூடாதுங்க மேடம். அடையாளம் வெளிய போவக் கூடாது இல்லீங்களா? நீங்க எழுதிக் குடுத்ததுதான்.'

'கூடப் பொறந்தவ வந்து குந்திக்கினு இருக்கறேன்' என்றாள் அலமேலு.

'நீங்க சொல்றீங்க. அவங்க கைநாட்டு வேற சொல்லுதே.'

அறையவேண்டும் போலிருந்தது. எழுந்திருக்கும்போது நன்றி என்று வேறு சொன்னேன், பழக்கதோஷம்.

பின்பக்கம் ராணி அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். 'வேன் வந்துது. அக்கா ஊட்டுக்குத்தான் இட்டுக்கினு போறாங்கன்னு நெனச்சிக்கினு சிரிச்சிக்கினே ஏறிச்சி. எனக்குக் கைகூட காட்டிச்சி. எங்கன்னு தெரியாதுங்க. கேட்டா என் வேல பூடும்.'

நான் சொல்லிவைத்திருந்ததால்தான் சிரித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். இல்லாவிட்டால் கத்தியிருப்பாள். யாராவது என்ன என்று கேட்டிருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அலமேலு டீ வேண்டாம் என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

'செத்துப் போச்சின்னு நெனச்சிக்கினு நாலு வருசம் இருந்துட்டோம். இப்ப உசுரோட கீதுன்னு தெரிஞ்சிபோச்சி. எங்கன்னு தேடறது?'

என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

வானம் பளிச்சென்று இருக்கிறது. எரிச்சலாக வருகிறது.

காலையில் பேராசிரியர். 'ஏழாம் எண்ண அறிக்கையிலேர்ந்து எடுத்துடலாம்மா. விஷயம் பெருசானா மத்த இல்லமெல்லாம் கதவச் சாத்திடுவாங்க.' எடுக்கமாட்டேன், அவளைத் தேடச் சொல்லி மனு கொடுக்கப்போகிறேன் என்றேன். அப்படியென்றால் திட்டத்தில் உன்னை வைத்துக்கொள்வது கஷ்டம், யோசித்துச் சொல் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை.

மனு வாங்கும் அலுவலகத்தில் பதினோரு பேருக்குப் பின்னால் வரிசை. அவள் பெயர், ஊர், அக்கா பெயர், அந்த மூட்டை அறை, 14ஆம் தேதி வேன், எல்லாம் எழுதியிருந்தேன். கீழே என் பெயர். அதற்குப் பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். கள ஆய்வு செய்தவர் என்று எழுதினேன்.

எழுத்தர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவைத்தார். முழுக்கப் படித்தார். அந்தக் கட்டத்தை மட்டும் இரண்டாவது தடவை படித்தார்.

'இப்பிடி ஒரு ஒறவு இதுல சேராதுங்க மேடம். கூடப் பொறந்தவங்க கையெழுத்து இல்லன்னா எடுத்துக்க மாட்டாங்க. அந்த அக்காவ இட்டுக்கினு வந்துடுங்களேன்.'

மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாளை முதல் பஸ்ஸில் மலைக்கு. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் காட்டில் போய் நிற்பது.