பாதியில் வெட்டிய குரல்

அக்கா,

நேற்று பல்லேகலவிலிருந்து வந்த பஸ்ஸில் உங்கள் குரலைக் கேட்டேன். பின் இருக்கையில் யாரோ போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "குற்றவாளியை விட்டுவிடுங்கோ." அவ்வளவுதான். ஒரு சிரிப்பு, பிறகு மறுபடியும் அதே குரல். நீங்கள் போன பிறகும் அந்தத் துண்டு மட்டும் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னமே இறங்கிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வழக்காட வந்தவர் நீங்கள். இங்கேயே மஹய்யாவையில் பிறந்து, உங்களுக்குத் தட்டச்சு செய்தவள் நான். மத்தியானங்களில் உங்கள் புட்டும் என் ரொட்டியும் இடம் மாறும். வேலையை விடவும் கதைதான் அதிகம்.

பாராளுமன்றத்துக்கு அந்தச் சட்டமூலம் வந்தபோது முதலில் யாரும் கவனிக்கவில்லை. சந்தேகத்தில் பிடித்தவரை நீதவானிடம் கொண்டுபோகாமலே மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்றது ஒரு பிரிவு. சட்டமூலத்தின் பெயரில் 'தடுப்புக்காவல்' என்ற சொல் இருந்தது. செய்தியில் அதை 'நாட்டின் கவசம்' என்று சொல்லத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் கோயில் வாசலில்கூட "கவசம் எப்ப வருது?" என்று கேட்டார்கள். எதிர்த்தவர்கள் கவசத்தைக் கழற்றச் சொல்பவர்கள் ஆனார்கள்.

"சட்டமூலத்தை ஆரும் வாசிக்கேல்லை. பேரைத்தான் வாசிச்சவை," என்றீர்கள்.

எங்கள் தெருக் கடை முதலாளி சாமான் கட்டிக்கொண்டே, "நல்லவங்களுக்கு என்னக்கா பயம்?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? முந்தின நாள் செய்தியில் வந்த வாக்கியம் அது, எழுத்துப் பிசகாமல். நீங்கள் பையை வாங்கிக்கொண்டீர்கள்.

தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைத்தபோது, "போகாதீங்கக்கா," என்றேன்.

"நான் போகாட்டி அவையள் மட்டுந்தானே கதைப்பினம்."

நானும் கூட வந்தேன். கமராவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "குற்றவாளியை விட்டுவிடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. நீதவானிட்டைக் கொண்டுவாங்கோ எண்டுதான் கேக்கிறன்." அடுத்த நாள் செய்தியில் முதல் இரண்டு சொற்கள் மட்டும் வந்தன. நம் மொழியில் 'இல்லை' கடைசியில்தான் வரும். வெட்டுகிறவருக்கு அது எவ்வளவு வசதி.

முழுப் பேச்சையும் போடச் சொல்லிக் கேட்டோம். பதிலில்லை. உங்களிடம் வழக்குக் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கோப்புகளை வாங்கிப் போனார்கள். சட்டம் நிறைவேறிய அன்று தெருவில் பட்டாசு கேட்டது. நீங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு நின்றீர்கள்.

"என்ர குரல் எனக்கே பயமாக் கிடக்கு."

அதன்பின் நீதிமன்றத்தில்கூட மெல்லத்தான் பேசினீர்கள். "கேட்கவில்லை" என்று நீதவான் சொன்னால் மன்னிப்புக் கேட்பீர்கள், சத்தத்தைக் கூட்டமாட்டீர்கள். அடுத்த மழைக்காலத்தில் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். இதயம் என்றார் டாக்டர்.

போன மாதம் கடை முதலாளி என்னைத் தேடி வந்தார். போனில் ஏதோ அனுப்பினான் என்று அவர் மகனைப் பொலிஸார் கொண்டுபோய்விட்டார்கள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, "எப்பம்மா கோர்ட்டுக்குக் கொண்டு வருவாங்க?" என்றார். சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன்.

"டீவியில இதச் சொல்லலையேம்மா."

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இப்போது நான் வேலை செய்யும் சட்டத்தரணியிடம் அழைத்துப் போனேன். அவர் முயன்று பார்க்கிறார். பையன் இன்னும் வரவில்லை.

இதற்குள் இன்னொரு சட்டமூலம் வந்திருக்கிறது. அதற்கும் செய்தியில் ஓர் அழகான பெயர் வைத்தாயிற்று. ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்தாருக்கு அதை வாசித்துக் காட்டுகிறேன். முந்தினதை நீங்கள் எனக்கு வாசித்ததுபோல, ஒரு வரியும் விடாமல். பாதியில் எழுந்து போகிறவர்கள் உண்டு. நான் நிறுத்துவதில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம்தான். கடைசிப் பிரிவுக்கு வரும்போது இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கடை முதலாளியின் மனைவி. நான் வாசித்து முடிக்கும்வரை வாசல் பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.