ரத்தத்தில் ஒன்றுமில்லை

பிப்ரவரி 6
இன்றும் தலைவலி. விசில் ஊதினால் அந்தச் சத்தம் திரும்பி வந்து என் மண்டைக்குள்ளேயே முட்டுகிறது. கைப்பந்துப் பிள்ளைகளோடு கூடவே ஓடுகிறவள், இன்று பெஞ்சில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினேன். தலைமையாசிரியை, "கண்ணைக் காட்டுங்க டீச்சர்" என்றார். கண் ஆஸ்பத்திரியில் காட்டினேன். கண்ணில் குறையில்லை. சைனஸாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

பிப்ரவரி 11
மாத்திரை வேலைக்காகவில்லை.

பிப்ரவரி 15
காலையில் கண் விழித்தால் எதிரே இரண்டு கணவர்கள். ஒருத்தரையே சமாளிக்க முடியல என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். வாந்திதான் வந்தது. இவர் சிரிக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டார்.

பிப்ரவரி 17
முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். பிறகு நரம்பு டாக்டரம்மா வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தாலே நல்ல சேதி இல்லை.

மூளையைச் சுற்றியுள்ள நீரில் பூஞ்சையாம். ரொட்டியில் பூக்குமே, அதுவா என்றேன்.

"அது வேற ரகம். இது மண்ணுல, புறா எச்சத்துல எல்லாம் இருக்கும். எல்லாரும்தான் மூச்சுல இழுக்கறோம். எதிர்ப்பு சக்தி நல்லா இருந்தா உடம்பே அடக்கிடும்."

"எனக்கு நல்லாத்தானே இருக்கு?"

"அதைத்தான் பார்க்கணும். எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுப்போம். இந்த வியாதிக்கு எடுத்தே ஆகணும், தப்பா நினைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. இவர் முகம்தான் வெளுத்துவிட்டது.

பிப்ரவரி 18
இவர் வரவில்லை. ஆபீஸில் வேலை என்று எனக்குத் துணைக்கு வந்திருக்கும் அக்காவிடம் சொன்னாராம்.

சந்தேகமா? என் மேலா? போட்டி போட்டி என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போகிறேனே, அதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறாரா? பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் — கேக்கணும்னா என் மூஞ்சியப் பாத்துக் கேக்க வேண்டியதுதானே. ஓடி ஒளிஞ்சா என்ன அர்த்தம்?

பிப்ரவரி 19
எச்.ஐ.வி. இல்லை. சர்க்கரை இல்லை. ரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவாம்.

"அப்ப எனக்கு ஏன் வந்துச்சு?"

"தெரியல. அபூர்வமா ஆரோக்கியமானவங்களுக்கும் வருது."

பள்ளியில் வலையும் பந்தும் வைக்கும் அறை முழுக்கப் புறா என்றேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர். பிடித்துப்போயிற்று.

பிப்ரவரி 24
மருந்து ஏறும்போது குளிர் தூக்கிப் போடுகிறது. "பல்லு பத்திரம்க்கா, நொறுங்கிடப்போவுது" என்று நர்ஸ் இன்னொரு போர்வையைப் போர்த்தினாள்.

சாயங்காலம் இவர் வந்தார். கால்மாட்டிலேயே நின்றார்.

"அதான் எனக்கு இல்லைன்னு வந்துடுச்சே" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல."

மார்ச் 3
சொல்லிவிட்டார். அக்கா டீ வாங்கப் போயிருந்தாள்.

"நானும் டெஸ்ட் எடுத்தேன். டாக்டர் சொன்ன மறுநாளே. எனக்கும் இல்ல."

சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். "நீங்க ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டேன். மருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் உனக்கு வந்துடுச்சோன்னு..."

இவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டது தன்னைத்தான்.

"யாரு?"

"போன வருஷமே முடிஞ்சுபோச்சு."

யாருன்னு கேட்டா எப்பன்னு பதில் சொல்றார்.

மார்ச் 4
தலைவலி இல்லை. விட்டுப் போக இந்த நாள்தான் கிடைத்ததா?

மார்ச் 14
வீட்டுக்கு வந்தேன். அக்கா தன் வீட்டுக்குத்தான் கூப்பிட்டாள். மகளுக்குப் பரீட்சை, அதனால் இங்கே. பால்கனிக்குப் புறா வராதபடி இவர் வலை அடித்து வைத்திருக்கிறார். ஒரு ஓட்டை இல்லை. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2
"என்னை மன்னிக்க மாட்டியா?" என்றார்.

"மாத்திரை ஒரு வருஷம் சாப்பிடணுமாம். முதல்ல அது முடியட்டும்."

அடுத்த அறையில் மகள் படிக்கிற சத்தம் நின்றுபோயிற்று.

மே 20
கோடைப் பயிற்சி முகாம். இன்று முழு ஆட்டத்துக்கும் நானே நடுவர். ஒரே ஒரு பந்துதான் தெரிந்தது.

ஜூலை 9
முதுகு நீரில் பூஞ்சை இல்லை. "வீட்டுக்காரர் வரலையா?" என்று டாக்டரம்மா கேட்டார். பஸ்ஸில் வந்தேன் என்றேன்.

செப்டம்பர் 14
ஞாயிறு. காலையில் அழைப்புமணி. மகள் போய்த் திறந்தாள். இவர் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு, நான் "வாங்க" என்று சொல்லும்வரை வாசலில் நின்றார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உன் ஒரு சம்பளத்தில் இந்த வீட்டு வாடகை கட்டுப்படியாகிறதா என்றார். ஆகிறது என்றேன். மகள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"தேங்க்ஸ்மா."

மகளுக்கு இவர் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை.