புளி தேய்த்த அண்டா

இராயபுரம்
14.8.1934

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இன்று காலை எழுந்ததும் ஜெபம்கூடச் செய்யாமல் கம்பெனி சோதனை அறைக்கு ஓடி, வேலம்பிசினையும் ஜெலட்டினையும் கொதிநீரில் கரைத்துக் கலந்தேன். பயப்படாதீர்கள், சின்னக் காரியம்தான்.

சென்ற வாரம் இருமல் வில்லைக்கான இந்தக் கரைசல் பாலாய்த் திரிந்தது. மைக்ராஸ்கோப்பில் உருண்டைத் துளிகள் தெரிந்தன. ஒன்றையொன்று விழுங்கின, நான் விட்ட சாயத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டன. உயிருள்ளவை என்றே நம்பி, "கிருமி உண்டு" என்று கையெழுத்திட்டேன். அண்டா கழுவும் பச்சையம்மாவை முதலாளி அன்றே நிறுத்திவிட்டார்.

நேற்று அவள் வாசலில் என்னை மறித்தாள். "இன்னாம்மா, என் கையா கலீஜு? புளி போட்டு தேச்சி, பளபளன்னு வெச்சிட்டுதானே வூட்டுக்குப் போனேன்! நீ கண்ணாடில பாத்துட்டா பொய்யும் நெசமாயிடுமா?"

அந்தப் புளி என் மனத்தைவிட்டு அகலவில்லை. இன்று தெளிந்த கலவையில் நாலு சொட்டுப் புளித்தண்ணீர் விட்டேன். உடனே பாலாயிற்று. அதே துளிகள், அதே விழுங்கல். கொதித்த நீரில் உயிர் ஏது? புளிப்புப் பட்டதும் பிசினும் ஜெலட்டினும் சேர்ந்து நீரைவிட்டு ஒதுங்கி, சுவரே இல்லாமல் சிறு அறைகள் கட்டிக்கொள்கின்றன. தேய்த்த புளி போக அண்டாவை அவள் சரியாக அலசவில்லை, அவ்வளவுதான்.

கருப்பட்டி அனுப்பினால் வீட்டுப் பழைய துணியிலேயே கட்டி அனுப்புங்கள், அதில் நம் வீட்டு வாசனை இருக்கும்.

சங்கு ஊதிவிட்டது. முதலாளி வந்ததும், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். என் வேலையும் போகலாம். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, பச்சையம்மாவிடம்கூட.

உங்கள் மகள்
ஞானப்பூ