மெரெத்தின் கறுப்புக் கோட்டு

யேனா,
அக்டோபர் 9

அன்புள்ள கெசீனா,

உன் அக்கா வீட்டுக் கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நம் பிளம்ஸ் மரம் இந்த வருஷம் வஞ்சனையில்லாமல் காய்த்தது. பழக்கதோஷத்தில் தட்டு நிறைய கேக் சுட்டுவிட்டு, தின்ன ஆளில்லாமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். எல்லாரும் உன்னைத்தான் விசாரித்தார்கள்.

எங்கள் லேசர் ஒருவழியாகத் தேறிவிட்டது. அரிசிமணி அளவுச் சில்லுதான். ஒளி தரும் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வளர்த்ததில் பழையதைவிடப் பல மடங்கு வீச்சு. காரின் நெற்றியில் பொருத்தினால், அந்த ஒளி எதிரில் பட்டுத் திரும்புவதை வைத்து, இருட்டிலும் யார் நிற்கிறார்கள் என்று கார் கண்டுகொள்ளும். செம்புத் தகட்டைப் பற்றவைக்கும் லேசரோடு மாரடித்துக்கொண்டிருந்தவன், நம் பெண் போன பிறகு எதற்காக இந்தப் பிரிவுக்கு மாறினேன் என்று உனக்குத் தெரியும்.

ஓர் உதவி வேண்டும். சோதனைக்குச் சாம்பல் நிறப் பலகையை நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம். எனக்கு அது போதாது. கறுப்புக் கம்பளித் துணிதான் வெளிச்சத்தைத் திருப்பாமல் அப்படியே விழுங்கிவிடும். கார் மோதிய அன்று சைக்கிளில் வந்தபோது நம் மெரெத் போட்டிருந்த கோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? அனுப்புவாயா?

உன்
லோதார்


ஸ்ட்ரால்சுண்ட்,
அக்டோபர் 20

லோதார்,

கேக்கைச் சொல்லி ஆசை காட்டிவிட்டு, கடைசியில் கேட்டாயே ஒன்று. "உன் புருஷனுக்கு மூளை கலங்கிப்போச்சா?" என்கிறாள் அக்கா.

கோட்டை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன், வாசனை போய்விடக் கூடாதென்று. கழுத்துப் பட்டையில் இன்னும் அவள் இருக்கிறாள். அடக்கத்தன்று நீ அழவில்லை. மறுநாளே வேலைக்குப் போனாய். அதனால்தான் நான் இங்கே வந்தேன். இப்போது யோசித்தால், நீ அழுகிற விதம் இதுதானோ என்று தோன்றுகிறது. அனுப்புகிறேன். துவைத்துவிடாதே.

வழக்கில் அந்த ஓட்டுநர், "ஒண்ணுமே தெரியலைங்க, ஒரே இருட்டு" என்றான். யாராலும் பார்த்திருக்க முடியாது என்றார் நீதிபதியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் படுத்து எழுந்திருக்கிறேன்.

நவம்பர் கடைசியில், எல்லாரும் கல்லறைக்குப் போகும் இறந்தோர் ஞாயிறுக்கு வருகிறேன். பனிக்கு முன்னால் கல்லறையை மூடும் ஊசியிலைக் கிளைகளை இந்த முறை சேர்ந்தே பரப்புவோம். அப்புறம் அங்கேயே தங்கினாலும் தங்குவேன். அறையைக் கொஞ்சம் சூடாக்கி வை.

கெசீனா


யேனா,
நவம்பர் 13

என் கெசீனா,

நேற்று சோதனை முடிந்தது. விளக்கில்லாத பாதை, தூறல், அந்திக்கு மேல். அன்று இருந்த மாதிரியே. பொம்மைக்கு நானே கோட்டை மாட்டி, சைக்கிளில் உட்காரவைத்துவிட்டு வந்து காரில் ஏறினேன். என் கண்ணுக்குப் பாதையே தெரியவில்லை. திரையில் மட்டும் தூரத்தில் புள்ளி புள்ளியாக ஒரு தோள், தலை, சக்கரம். கார் தானாக வேகம் குறைத்து, அவளுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் இருந்த ஓர்ட்ரூன், எங்கள் குழுவில் மூத்தவள், "பார்த்துடுச்சு லோதார். நல்லா தள்ளியே பார்த்துடுச்சு" என்றாள். மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் இறங்கிப் போய்க் கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டேன், நனைகிறாளே என்று. அப்போதுதான் அழுதேன். நிறுத்த முடியவில்லை.

பிழைத்திருப்பாள், கெசீனா. அந்தக் காரில் இது இருந்திருந்தால் நம் பெண் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்திருப்பாள். இதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை காலம் உழைத்தேன். வா. அறை சூடாக இருக்கிறது.

உன்
லோதார்


ஸ்ட்ரால்சுண்ட்,
நவம்பர் 19

லோதார்,

உன் கடிதத்தைப் பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, மீதியை அக்காதான் வாசித்துக் காட்டினாள். நீ அழுதாய் என்பதில் எனக்கு நிம்மதி. உன் லேசர் இனி யாரோ ஒருத்தியின் மகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பும். அதற்காக உன்னை மனதார வாழ்த்துகிறேன்.

ஆனால் யாராலும் பார்த்திருக்க முடியாது என்பது மட்டும்தான் என்னிடம் இருந்தது. அதை நீ எடுத்துக்கொண்டாய். இப்போது தினமும் சாயங்காலம் ஒரு கார் அவளைப் பார்த்து நின்றுவிடுகிறது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். நேற்று நிஜமாகவே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டேன். அக்கா வந்து சாத்தினாள்.

நான் வரவில்லை. இந்த ஞாயிறு மட்டுமில்லை, இனிமேலும். கிளைகளை நீயே பரப்பிவிடு.

கோட்டைத் திருப்பி அனுப்பாதே. அதில் இனி மழை வாடைதான் இருக்கும்.

கெசீனா