நெவெனா பேருக்கு வந்த கணக்குப் பெட்டி

அன்பு மகள் ருஜாவுக்கு அப்பா வெல்கோ எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி நெவெனாவும் அந்தத் தூர தேசத்துச் செகோவியாவில் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே உன் அம்மா யான்கா நலம், நான் ஓரளவு நலம், என் இருமல் என்னைவிட நலம். போனை எடுத்தால் ஐந்தாவது நிமிஷம் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மிச்ச நேரத்தில் உனக்கு வேலை வந்துவிடுகிறது, அதனால் என்னை இந்த வயதில் பேனா பிடிக்க வைத்துவிட்டீர்கள். பிழை இருந்தால் நெவெனாவிடம் காட்டாதே, தாத்தாவுக்கு அவளிடம் இருக்கிற மரியாதையே கொஞ்சம்தான்.

விஷயம் என்னவென்றால் உன் மகளால் எனக்கு ஊரில் தலை காட்ட முடியவில்லை. சிரிக்காதே. நம் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பும் ஒரே அறையில்தானே, குளிருக்கு நான் போடுகிற அடுப்பு ஒன்றுதானே எல்லோருக்கும். போன மே மாதம் சின்னப் பள்ளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கணக்குப் பெட்டி தருகிறது என்று பெயர் கேட்டிருந்தார்கள், மூன்றாம் வகுப்புக்கு மட்டும். வரும் வருஷம் மூன்றாவதில் யார் என்று பார்த்தால் நெவெனா ஒருத்திதான், க்ரெமெனா டீச்சர் அவள் பெயரை எழுதி அனுப்பினாள். ஆகஸ்டில் நீ அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். அக்டோபரில் பெட்டி வந்து சேர்ந்தது! அம்மாடி என்ன பெட்டி, மூடியில் படமே போட்டிருக்கிறது, வட்டத்தைப் பாதியாகவும் மூன்றாகவும் நாலாகவும் வெட்டிய வண்ணத் துண்டுகள், தராசு, முள் திருப்புகிற கடிகாரம், எல்லாம் உண்டு. ஆனால் மேலே சீல். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டார் முன்னால்தான் திறக்க வேண்டும், அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளை இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். டீச்சர் போன் போட்டு, இரண்டாவதில் இருக்கிற மூன்று பேர் அடுத்த வருஷம் மூன்றாவதுக்கு வருவார்கள், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று கெஞ்சியிருக்கிறாள். அதற்கு ஆபீஸ் அம்மா என்ன சொன்னாளாம் தெரியுமா, "அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் பட்டியல் வருங்க" என்றாளாம். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை, எனக்கே வயிறு எரிந்தது. படித்தவளுக்கு எரியவில்லை பார்.

பெட்டி அலமாரி மேலே இருக்க, டீச்சர் கீழே நின்று கால், அரைக்கால் என்று கரும்பலகையில் கோடு போட்டுத் தொண்டை வற்றக் கத்துகிறாள். நாலாவது படிக்கிற லஸாரினாவுக்கு மூன்றில் ஒன்று பெரிதா நாலில் ஒன்று பெரிதா என்பது ஏறவே இல்லை, நாலுதானே பெரிசு என்று அடம். சரியென்று உன் அம்மா வட்டமாக ஒரு தட்டு பனித்ஸா பலகாரம் சுட்டுக் கொடுத்தாள், வெட்டிக் காட்டட்டும் என்று. அரை வரைக்கும் பாடம் ஒழுங்காக நடந்தது, கால் வந்தபோது ஓரம் குறைந்திருந்தது, அரைக்காலுக்குத் தட்டுதான் இருந்தது. வகுப்பிலிருந்த ஒன்பது பிள்ளைகளும் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே பெட்டியையே பார்த்தார்கள்.

ஊர்த்தலைவன் பென்யோவைத்தான் உனக்குத் தெரியுமே, காப்பிக் கடையில் என்னைக் கண்டால், "யோவ் வெல்கோ, நீயும் மூணாங்கிளாஸோட நின்னவன்தானே, போய் உக்காந்து பாக்கிய முடிச்சிடேன், பெட்டிக்கு ஆள் ஆச்சு" என்று கத்துவான். உக்காருவேன், ஆனா நான் பெஞ்சில உக்காந்தா பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு யார் போடுவா, நீ ஊதினா எரியிற நெருப்பும் அணைஞ்சிடுமே என்றேன். அதோடு விட்டிருக்கலாம். போன வாரம் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டான். நெவெனா எங்கேயும் போகவில்லை, தாத்தா வீட்டிலிருந்துதான் படிக்கிறாள் என்று எழுதியிருந்தது, கீழே உன் கையெழுத்துக்கு இடம். "ஒரு கையெழுத்துய்யா, யார் வந்து தலையை எண்ணப்போறா" என்றான். அப்படிப் போட்டால் அங்கே அவளுடைய புதுப் பள்ளியில் பெயரை அடித்துவிடுவார்கள், ஒரு பிள்ளைக்கு இரண்டு நாட்டில் பெஞ்சு கிடையாது என்று டீச்சர் என்னிடம் தனியாகச் சொன்னாள். பாவம், பெட்டி வேண்டியவளே அவள்தான், அவள்தான் வேண்டாம் என்றாள். உன் அம்மாவோ "அனுப்பித்தான் பாரேன்" என்று நச்சரிப்பு. அவளுக்கு வேறு கணக்கு, காகிதத்தில் பிள்ளை இங்கே இருந்தால் ஒருநாள் காலாலும் நடந்து வந்துவிடும் என்று. எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா. அந்தக் காகிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், உன் விலாசம் எழுதிய உறைகூட வாங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பெட்டியைத் திருப்பி எடுக்க வேன் வந்தது. அலமாரியிலிருந்து இறக்கியது நான்தான். இறக்கும்போது உள்ளே துண்டுகள் கலகலவென்றன, ஒன்பது கழுத்தும் ஒரே திக்கில் திரும்பியது. எனக்கு என்ன வந்ததோ, மேஜை மேல் வைத்து மடக்குக் கத்தியால் சீலை அறுத்துவிட்டேன். டீச்சர் "வெல்கோ அண்ணா!" என்று அலறினாள். பெட்டியோடு வந்த சீட்டில் வீட்டார் கையெழுத்து என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன், அதன் கீழே, பிள்ளை ஸ்பெயினில் இருக்கிறாள், மற்றப் பிள்ளைகளுக்காகத் திறந்தேன், டீச்சருக்குச் சம்பந்தமில்லை என்று எழுதினேன். வேன்காரன் தலையைச் சொறிந்து, "தெறந்த பெட்டிய ஏத்த எனக்கு உத்தரவு இல்லண்ணே" என்று காலி வேனை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நல்ல மனுஷன், அல்லது சோம்பேறி. அதற்குள் லஸாரினா மூன்றில் ஒன்றை நாலில் ஒன்றின் மேல் வைத்துப் பார்த்து, "ஐய, இத்தன நாளா ஏமாத்திட்டீங்களே!" என்று டீச்சரிடமே சண்டைக்குப் போனாள்.

பென்யோவின் காகிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். திங்கட்கிழமை விளக்கம் சொல்ல என்னை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அடுப்பு வேலை போனாலும் போகும், போனால் பென்யோ ஊதட்டும். அதுவல்ல எனக்குப் பெரிசு. பிள்ளை ஸ்பெயினில் இருக்கிறாள் என்று என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை ருஜா. யார் கேட்டாலும் இதுவரை, போயிருக்கிறாள் வந்துவிடுவாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்று பேரும் கண்ணேறு படாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள், ஆண்டவர் துணை. ஆபீசிலிருந்து போன் வந்தால் பிள்ளை உன்னோடு அங்கேதான் படிக்கிறாள், அங்கேதான் இருப்பாள் என்று தயங்காமல் சொல், என் முகத்தைப் பார்த்து இழுக்காதே.

உன் அப்பா,
வெல்கோ