நாற்பதாம் நாள் தாள்

பல்கேரியா, டான்யூப் கரை
28 மே 2024

என் சோரி,

நலம்தானே? நீ போனை எடுப்பதில்லை, அதனால் தாளில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே. உன் அம்மா ஒரு கூடை செர்ரி கொடுத்தனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் தலைக்கு மேல் வேலை. ஆய்வுக்கூட சர்வரில் ஓடும் சென்ட் ஓஎஸ் இயங்குதளத்தை அதைத் தயாரிப்பவர்களே ஜூன் முப்பதோடு கைவிடுகிறார்கள். அதன்பின் பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. பன்னிரண்டு வருஷத்து ரத்தப் பரிசோதனை முடிவுகளும் நீ எழுதிக் கொடுத்த நிரலும் அதில்தான் இருக்கின்றன. மாற்றாக ராக்கி, அல்மா, டெபியன் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். நல்லது கெட்டது எழுதியதிலேயே ஏழு பக்கம் ஆகிவிட்டது. எதை எடுப்பது? நீயே சொல்லிவிடேன்.

உன் ஸ்பாஸ்


கிராஸ், ஆஸ்திரியா
9 ஜூன்

ஸ்பாஸ்,

மூன்றில் எதை எடுத்தாலும் என் நிரல் ஓடும். டெபியனுக்கு மட்டும் அரை நாள் வேலை கூடுதல். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடு. அதற்கு முன்னால், இன்றைக்கே, எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து வை.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதே. கிராஸுக்கு வருகிறாயா இல்லையா என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன். அதற்கும் பட்டியல்தான் போடுகிறாயா? வரவில்லை என்றாலும் சொல், தாங்கிக்கொள்வேன். பெண்டாட்டியா, பிரிந்தவளா என்று தெரியாமல் நிற்பதுதான் முடியவில்லை.

சோரி


16 ஆகஸ்ட்

என் சோரி,

தாமதத்தை மன்னித்துவிடு. அல்மாதான் என்று முடிவு செய்தேன். மறுநாளே ராக்கி தேவலை என்று தோன்றியது. ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் எவெலினா, "நீ மூணையும் பாத்து முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்யா" என்கிறார்.

போன வாரம் அவரும் நர்சுகளும் சேர்ந்து ஒரு கூத்தடித்தார்கள். செத்தவர்களுக்கு நாற்பதாம் நாள் வீட்டுக் கதவில் ஒட்டுவோமே, கறுப்புக் கட்டம் போட்ட அதே இரங்கல் தாளை அச்சடித்து சர்வர் அறைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். "நீ போய் நாற்பது நாள், அன்புச் சர்வரே. ஆறாத் துயரத்தில் ஸ்பாஸ்." ஜூன் முப்பதிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. விளையாட்டானாலும் இரங்கல் தாளை யார் கிழிப்பார்கள்? அப்படியே இருக்கிறது.

எந்த இயங்குதளம் என்று முடிவானதும் பிரதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கிராஸ் விஷயமும் அப்படித்தான். குளிர் தொடங்குவதற்குள் சொல்கிறேன், சத்தியமாக.

உன் ஸ்பாஸ்


10 செப்டம்பர்

சோரி,

பழைய சாமான்களைக் கழிக்கும் குழு நேற்று வந்தது. கதவுத் தாளைப் படித்துவிட்டு, சர்வர் உபயோகத்தில் இல்லை என்று எழுதிக் கழித்துவிட்டார்கள். நான் மதியம் சாப்பிடப் போன நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கி ஸ்டோர்க்காரர் பென்கோ வண்டியில் ஏற்றியிருக்கிறார்.

"அண்ணே, அது உயிரோட இருந்துச்சே!" என்று கத்தினேன்.

"கதவுல துக்கம்னு உன் பேர்தானப்பா போட்டிருக்கு? ஒரு மாசமா ஒருத்தரும் கிழிக்கல. நெசம்னுதான நெனைப்போம்?" என்கிறார்.

பழைய இரும்புக் கிடங்குக்கு ஓடினேன். நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்று வட்டுகளைச் சுத்தியலால் உடைத்து முடித்திருந்தார்கள். விதிப்படி சரியான வேலை, யாரிடம் சண்டை போடுவது? சிறுநீரக நோயாளிகள் பழைய முடிவு கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். எவெலினா என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இனி இங்கே எனக்கு ஒன்றுமில்லை. முடிவு செய்துவிட்டேன் சோரி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பேருந்தில் வருகிறேன்.

ஸ்பாஸ்


கிராஸ்
17 செப்டம்பர்

ஸ்பாஸுக்கு,

படித்துவிட்டு அழுதேன். அந்த வரிசையில் நிற்பவர்களுக்காகவும் உனக்காகவும்.

நிரலின் பிரதி என் பழைய மடிக்கணினியில் இருந்தது. டெபியனைத் தேர்ந்தெடுத்து, எப்படி ஏற்றுவது என்று ஒவ்வொரு படியாக எழுதி டாக்டர் எவெலினாவுக்கு அனுப்பிவிட்டேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம். பழைய முடிவுகளை மீட்டுத்தர என்னால் ஆகாது.

வருகிறேன் என்று நீ சொல்ல மூன்று வருஷம் காத்திருந்தேன். போன மாதம்கூட உனக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தேன். இப்போது சொல்கிறாய், மற்றதெல்லாம் வண்டியேறிப் போன பிறகு. மிச்சம் நான் ஒருத்திதான் என்பதால் வருகிறாய். என்னைத் தேர்ந்தெடுத்து வரவில்லை.

பேருந்து ஏறாதே, ஸ்பாஸ்.

சோர்னிட்சா