தூரத்தில் இருப்பவர் முதலில்

மார்ச் 3, திங்கள்

காணாமல் போன பொருள்கள் பிரிவுக்கு இன்று வந்தவை ஒரு குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு பல் செட். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் எப்படி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போவார்? சாயங்காலம் வரை தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.

டெப்போவில் எனக்குப் போட்டிருக்கும் நாற்காலி ஜன்னலை ஒட்டி இருக்கிறது. வண்டிகள் வெளியே போவதும் உள்ளே வருவதும் நன்றாகத் தெரியும். வேறு எங்கும் இடமில்லையாம். நான் பஸ் ஓட்டிய தடத்தில் இப்போது மீசை என்று நாங்கள் கூப்பிடும் டிரைவர் ஓட்டுகிறான். கேட்டில் திரும்பும்போது என் ஜன்னலைப் பார்த்து ஒரு ஹாரன். மரியாதையாம். எனக்கு வயிறு எரிகிறது. நான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வலது தோள் இறுகிப்போய், ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க முடியாமல் இங்கே வந்து உட்கார்ந்தேன். ஏப்ரல் கடைசியில் டெப்போ டாக்டர் பார்ப்பார். கை தலைக்கு மேலே போக வேண்டும், முதுகுக்குப் பின்னால் மடங்க வேண்டும். தேறினால் வண்டி. தேறாவிட்டால் ஓய்வு பெறும் வரை குடையும் செருப்பும்தான்.

மார்ச் 5, புதன்

பிசியோதெரபி அம்மா கையைத் தூக்கச் சொன்னார். காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வீட்டில் பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டார். செய்கிறேன் என்றேன். என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காட்டிக்கொடுப்பதற்கு வாய் எதற்கு?

"உங்களுக்குப் பயிற்சின்னு சொன்னா ஏறாது. விளையாட்டுன்னா செய்வீங்களா?" என்றார் அந்த அம்மா. ஆற்றோரப் பூங்காவில் டிஸ்க் கால்ஃப் என்று ஒன்று வந்திருக்கிறதாம். தட்டை வீசி வீசிக் கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான். "வலது கையால வீசுங்க. தோள் நல்லா திறக்கணும். வலிக்கும், வலிக்கட்டும்."

ஐம்பத்து மூன்று வயதில் தட்டு எறியப் போகிறேன். மீசைக்குத் தெரிந்தால் டெப்போ முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். இனி ஒரு மாதம் அந்த அம்மா ஊரில் இருக்க மாட்டாராம். போனில் கேட்டுக்கொள்வாராம்.

மார்ச் 8, சனி

போனோம். தனியாகத்தான் போவதாக இருந்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வராதே என்றா சொல்ல முடியும்?

நுழைவில் பெரிய பலகை: "எல்லா வயதினருக்கும், முதன்முறை விளையாடுவோருக்கும் மிகவும் எளிது." எளிதாம். ஒன்பது இடத்தில் இரும்புக் கம்பம். கம்பத்தின் தலையிலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன. தட்டு சங்கிலியில் மோதினால் கீழே இருக்கும் கூடையில் விழும். எத்தனை வீச்சில் விழுகிறது என்பதுதான் கணக்கு. காவலாளி ஆளுக்கொரு தட்டு இரவல் கொடுத்து விதிகளைச் சொன்னார். முதல் வீச்சுக்குப் பிறகு, கூடைக்கு ரொம்பத் தூரத்தில் யார் தட்டு கிடக்கிறதோ அவர்தான் அடுத்து வீச வேண்டும். மற்றவர் முன்னால் போகக் கூடாது, பேசக் கூடாது, காத்து நிற்க வேண்டும்.

முதல் வீச்சில் தட்டு இடப்பக்கமாக வளைந்து முள்வேலிக்குள் போனது. அடுத்த கூடையிலும் வேலி. வலது கையால் வீசினால் கடைசியில் தட்டு இடப்பக்கம்தான் சாயுமாம். இந்த மைதானத்தில் வேலி முழுக்க இடப்பக்கம். கட்டியவன் யாரோ, நல்லா இருக்கட்டும்.

அவள் வீசினது நேராகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தது. அவளும் வலது கைதான். மெதுவாக வீசுகிறாள், அதனால் வளைவதில்லை. வாழ்க்கையில் ஒரு பந்துகூடத் தொட்டதில்லை இவள்.

மார்ச் 9, ஞாயிறு

சட்டை போட அவள் வந்து கையைப் பிடித்துவிட வேண்டியிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்பது கூடையிலும் அவளே ஜெயித்தாள். ஒவ்வொரு கூடையிலும் நானே தூரம். "நீங்கதாங்க முதல்ல" என்கிறாள் ஒவ்வொரு தடவையும். சாதாரணமாகத்தான் சொல்கிறாள். எனக்குத்தான் அது என்னவோ பந்தியில் கடைசி ஆளைக் கூப்பிடுவது போல் கேட்கிறது.

பின்னால் வந்த தம்பதி அவளிடம் எத்தனை வருஷமாக விளையாடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் வெட்கப்பட்டாள். என்னிடம் அந்த மனிதர், "சார், பரவால்ல சார், பழகப் பழக வந்துரும்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல இவர் யார்? மலை வளைவில் மழையில் வண்டியை இறக்கினவன் நான். சக்கரம் விளிம்பைத் தொடாமல்.

மார்ச் 22, சனி

கடையில் போய் சொந்தமாக ஒரு தட்டு வாங்கினேன். ஓரம் கத்தி மாதிரி மெல்லியது, வேகமாகப் போகும் என்று அட்டையில் போட்டிருந்தது. காவலாளி அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லா பழகினவங்க வீசறதாச்சே" என்றார். இன்னும் வேகமாக வேலிக்குள் போனது.

மார்ச் 29, சனி

இன்று ஒன்று நடந்தது. மூன்றாவது கூடையில் தோள் சுருக்கென்று இழுத்தது. கோபத்தில் தட்டை இடது கைக்கு மாற்றி விட்டெறிந்தேன். என்ன ஆச்சரியம், தட்டு வலப்பக்கமாகச் சாய்ந்து, வேலியே இல்லாத திறந்த புல்வெளியில் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கொஞ்சமும் வலி இல்லை.

கடைசிக் கூடையில் அவள் தட்டைவிடக் கூடைக்குப் பக்கத்தில் என் தட்டு கிடந்தது. "இப்ப நீதான் முதல்ல" என்றேன். எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு வாக்கியம் சொல்லி.

ஏப்ரல் 2, புதன்

இப்போது தினமும் டெப்போவிலிருந்து நேரே பூங்காவுக்கு. இடது கை நன்றாகப் பழகிவிட்டது. தோளுக்குப் பயிற்சி நடக்கிறது என்று மேலாளரிடமும் சொல்லியாயிற்று. நடக்கிறதுதானே.

வீட்டுக்கு வரும்போது அவள், "அந்த அம்மா வலது கைன்னுதானே சொன்னாங்க?" என்றாள்.

"நீ தோத்துப்போறது பொறுக்கல. வாய மூடிட்டு வா."

மூடிக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒன்பதில் ஆறு எனக்கு! சங்கிலியில் தட்டு மோதும்போது வரும் சத்தம் இருக்கிறதே, சில்லறையை மொத்தமாகக் கொட்டியது போல. கடைசிக் கூடையில் நான் ஏதோ சொல்ல, அவள் சிரிக்க, நானும் சிரித்தேன். புல்லில் உட்கார்ந்து இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய அக்கா கதை, பக்கத்து வீட்டு நாய், எதை எதையோ. இவ்வளவு பேசுவாளா இவள்?

ஏப்ரல் 17, வியாழன்

பிசியோ அம்மா போன் செய்தார்.

"வீசறீங்களா?"

"தினமும்."

"வலி?"

"சுத்தமா இல்லம்மா."

"அருமை. டாக்டர் அசந்துருவார் பாருங்க."

அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குக்கர் மூடியைப் போட அவ்வளவு நேரமா ஆகும்?

மீசையிடம் இன்று நானே போய், அடுத்த மாதம் தடத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாய், சரி பண்ணி வை என்று சொன்னேன். "வாங்கண்ணே, உங்க வண்டிதானே" என்றான்.

ஏப்ரல் 24, வியாழன்

கை காதைக்கூடத் தொடவில்லை. தோளுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் பூட்டுப் போட்டது போல் நின்றுவிட்டது. மார்ச்சை விட மோசம். டாக்டர் தன் கையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நான் கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த ஆட்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"பயிற்சியே செய்யலையா?"

"தினமும் செஞ்சேன் சார். தட்டு வீசினேன்."

"எந்தக் கையால?"

ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஒரே ஒருத்தி கேட்டாள், அவளை நான் வாயை மூடச் சொன்னேன். டாக்டர் என் இடது கையைப் பார்த்தார். விரலில் தட்டின் ஓரம் பட்டுக் காய்த்துப்போயிருந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

தலை முழுக்க இதேதான் ஓடுகிறது, எழுதிவிடுகிறேன். நேற்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உனக்குத் தெரியும்தானே?"

"எது?"

"இடது கையால வீசினா இந்தத் தோள் அப்படியேதான் கிடக்கும்னு."

காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "அந்த அம்மா சொல்லும்போது நானும் பக்கத்துலதான இருந்தேன்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன். வாய மூடுன்னீங்க."

"இன்னொரு தடவ சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். "சொல்லியிருக்கலாம். போன்ல நீங்க வலியே இல்லன்னு சொன்னப்பகூட வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்." நறுக்கின காயை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் எழுந்திருக்கறதுக்குள்ள நீங்க போயிருப்பீங்க. வந்தா சாப்பாடு, தூக்கம். லீவுன்னாலும் அடுத்தவங்க டியூட்டிய வாங்கிட்டுப் போவீங்க. நாம ரெண்டு பேரும் சும்மா ஒரு சாயங்காலம் வெளிய போய் நின்னது இந்த ஒரு மாசம்தான். மறுபடி வண்டி ஏறிட்டா இதுவும் போயிடுமேன்னு இருந்துச்சு" என்றாள்.

"அதுக்கு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுவியா?"

"வீசினது உங்க கை. நான் பிடிச்சு வீசல."

சட்டென்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். நான் என்ன செய்வது? தட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவள் தடுக்கவில்லை. அய்யோ, என்ன மனுஷி இவ. கூடவே இருந்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே — பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. நானும்தான் என்னத்த பண்ணினேன்? தோத்துப்போகக் கூடாதாம். யார்கிட்ட? பொண்டாட்டிகிட்ட.

ஏப்ரல் 27, ஞாயிறு

சாயங்காலம் அவள் தனியாகப் பூங்காவுக்குப் போய் வந்தாள்.

மே 9, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. காணாமல் போன பொருள்கள் பிரிவு, நிரந்தரம். பிசியோவும் இனி கிடையாது, வண்டிக்குத் திரும்புகிறவர்களுக்குத்தான் அந்தச் சலுகையாம்.

மீசை மேஜைக்கு வந்து நின்றான். "சீட்ட முன்னால தள்ளி வச்சிருந்தேண்ணே" என்றான். இனி உனக்கு வசதியாக வைத்துக்கொள் என்றேன். பல் செட் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

மே 18, ஞாயிறு

குப்பையில் போட்ட தட்டு செருப்பு வைக்கும் இடத்தில் இருந்தது. எப்போது எடுத்துக் கழுவி வைத்தாளோ. மூன்று வாரமாக அங்கேயே இருந்திருக்கும், என் கண்ணில் படவில்லை. எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

முதல் கூடை. அவள் தட்டு வழக்கம்போல் நேராகப் போய் விழுந்தது. நான் வலது கையால் வீசினேன். நாலு எட்டில் விழுந்தது. நான்தான் தூரம், அதனால் மறுபடி நானே. மறுபடி நாலு எட்டு. மறுபடி நானே. மூன்றாவது வீச்சில் வலியில் உயிர் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இப்படியே வீசினால் அவளுக்கு முறையே வராது, நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். நிற்கட்டும் என்று நினைத்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். வேண்டுமென்றே இடது கைக்கு மாற்றவில்லை.

பின்னால் ஆள் வந்தார்கள், நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அவள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். உட்காரவும் இல்லை, முன்னால் போகவும் இல்லை. அந்த ஒரு கூடைக்கே வெயில் இறங்கிவிட்டது. போதும், வா போகலாம் என்று அவளே சொல்வாள் என்று பார்த்தேன்.

"இன்னும் நீங்கதாங்க தூரம்" என்றாள்.

வீசினேன்.